ஐந்து பேருக்கு அறை வேண்டும்! தீம் பார்க் ஹோட்டலைக் கம்ப்யூட்டரில் தேர்வு செய்வது எப்படி?

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, இன்டர்நெட் கனெக்ஷனும் வந்தாச்சு. பையன் கேம்ஸ் ஆடுகிறான், நான் பழைய பாட்டு கேட்கிறேன். வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் சொல்லும் பதில்: "அடுத்த விடுமுறைக்கு ஹோட்டல் அறையை நீங்களே புக் செய்து பாருங்கள்." பிரவுசர், மேப், இமெயில், எக்செல் நான்கையும் ஒரே வேலையில் பழகிவிடலாம். பணமும் மிச்சமாகும். ஆனால் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை முதலில் என் கதையிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெசவாளர். நான் சென்னையில் சாப்ட்வேர் எஞ்சினியர். மாமா வளைகுடாவில் வேலை பார்ப்பதால் அக்காவும் அவள் மகனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அக்கா, பையன், நான்: ஆக மொத்தம் ஐந்து பேர்.

சில வருடங்களுக்கு முன் எல்லோரையும் ஒரு மலை ஊருக்குக் கூட்டிப் போனேன். தறியை நிறுத்திவிட்டு அப்பா வெளியூர் வருவது அதுதான் முதல் தடவை. "கம்ப்யூட்டர்ல ரூம் போட்டாச்சுப்பா" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இரவு பத்து மணிக்கு ரிசப்ஷனில் போய் நின்றால், "சார், நீங்க இரண்டு பேருக்குத்தான் புக் செய்திருக்கீங்க. கூட ஒருவர்னா மூன்று பேர் வரை தங்கலாம். வேற ரூம் காலி இல்லை" என்றார்கள். கெஞ்சியதில் நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. "நான் இங்கேயே சாஞ்சுக்கறேன், நீங்க போங்க" என்று அப்பா ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். விடிய விடிய அங்கேயே இருந்தார். நாற்பது வருடம் குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்த முழங்கால் அது. காலையில் படி ஏற முடியவில்லை.

தப்பு ஹோட்டல் மீது இல்லை, என் மீதுதான். அந்த வெப்சைட்டில் 'பெரியவர் 2, அறை 1' என்று தானாகவே வந்து நின்ற கட்டத்தை நான் தொடவே இல்லை. "போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். அன்றைக்குக் கற்ற பாடத்தை வைத்து, அடுத்த முறை பெங்களூரு அருகில் ஒரு தீம் பார்க் போனபோது செய்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஐந்து ஏன் சிக்கலான எண்?

ஹோட்டல் அறை என்பது பொதுவாக இரண்டு பேருக்கானது. ஒரு கூடுதல் கட்டிலோ மெத்தையோ போட்டால் மூன்று பேர். பெரிய அறை என்றால் நான்கு. ஐந்தாவது ஆள் வந்தவுடன் கணக்கு உடைகிறது: ஒன்று, இரண்டு அறை எடுக்க வேண்டும். அல்லது ஐந்து பேர் தங்கலாம் என்று எழுதியே போட்டிருக்கும் பேமிலி அறையைத் தேட வேண்டும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971-ல் இரண்டு ஹோட்டல்களோடு திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏராளமான ஹோட்டல்கள் இருந்தும், குறைந்த வாடகை அறைகள் பெரும்பாலும் நான்கு பேர் கணக்குதான். ஐந்து பேர் குடும்பங்கள், ஐந்தாவதாக ஒரு சின்னக் கட்டில் மடக்கி வைத்திருக்கும் சில அறைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஹோட்டல் என்ற ஏற்பாடும் பழையதுதான். கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலையில் திறந்தது. அதே வருடம் அக்டோபரில் எதிரிலேயே டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வந்துவிட்டது. அதைக் கட்டியது டிஸ்னி அல்ல, ஜாக் ராதர் என்ற வேறொரு தொழிலதிபர். 1988-ல்தான் டிஸ்னி நிறுவனம் அதை வாங்கியது. காலையில் முதல் ஆளாக உள்ளே போகலாம், களைத்தால் உடனே கட்டிலுக்குத் திரும்பலாம் என்பதுதான் இந்த ஹோட்டல்களின் வியாபார ரகசியம். அந்த வசதி உங்களுக்குத் தேவையா, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

படி 1: ஹோட்டல் தேவைதானா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காலையில் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு அறை எடுப்பது வீண் செலவு.

பெங்களூரு வொண்டர்லா அப்படி அல்ல. 2005-ல் மைசூரு சாலையில் பிடதி அருகே திறக்கப்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அரக்கோணமோ காட்பாடியோ போய் ரயில் பிடித்தாலும், காரில் போனாலும் போகவே அரை நாள். வயதானவர்களோடு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. அங்கே பூங்காவை ஒட்டியே 2012-ல் 84 அறைகளோடு ஒரு ரிசார்ட்டும் திறந்தார்கள். ஆகவே என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பூங்காவின் சொந்த ரிசார்ட், மைசூரு சாலையில் உள்ள ஹோட்டல்கள், பெங்களூரு ஊருக்குள் இருக்கும் ஹோட்டல்கள்.

படி 2: ஐந்தாவது ஆளை முதல் க்ளிக்கிலேயே சொல்லுங்கள்

ஹோட்டல் புக் செய்யும் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் மேலே ஊர், தேதி, ஆட்கள் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தை க்ளிக் செய்யுங்கள். ஒரு சிறிய மெனு விரியும். பெரியவர், குழந்தை, அறை என்ற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். கூட்டல் குறியைத் தட்டத் தட்ட எண் ஏறும்.

குழந்தை ஒன்று என்று கொடுத்தவுடன் வயது கேட்டு இன்னொரு கட்டம் தோன்றும். பயணம் போகும் நாளில் என்ன வயதோ அதைக் கொடுங்கள். பல ஹோட்டல்களில் ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெற்றோரின் கட்டிலிலேயே படுத்தால் பணம் இல்லை. அதற்கு மேல் கூடுதல் மெத்தைக்குப் பணம். பன்னிரண்டைத் தாண்டினால் பெரியவர் கணக்கு. இது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். வயதைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ரிசப்ஷனில் பிறந்த தேதியைப் பார்த்தால் மானம் போய்விடும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஹோட்டல் வயதைக் கேட்கும். வொண்டர்லா போன்ற பூங்காக்களிலோ குழந்தை டிக்கெட்டா, பெரியவர் டிக்கெட்டா என்பதை உயரத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். எங்கள் பையனுக்கு அப்போது 9 வயது. ஆனால் மாமாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். கிளம்புவதற்கு முன் அவனைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அப்பாவின் அளவுகோலால் அளந்து பார்த்துத்தான் டிக்கெட் கணக்குப் போட்டோம். எந்த ராட்டினத்தில் ஏறலாம் என்பதற்கும் அதே உயரம்தான்.

நான் பெரியவர் 4, குழந்தை 1, அறை 2 என்று கொடுத்தேன். பிறகு அறை 1 என்று மாற்றியும் தேடினேன். இரண்டு பட்டியலையும் தனித்தனி டேபில் திறந்து வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். லிங்க் மேல் மவுஸை வைத்து ரைட் க்ளிக் செய்தால், புதிய டேபில் திறக்கும் வசதி வரும்.

படி 3: பெரிய எழுத்தில் இருப்பது விலை அல்ல

பட்டியலில் பெரிய எழுத்தில் தெரியும் தொகைக்குக் கீழே, வரி தனி என்று பொடி எழுத்தில் இருக்கும். பட்டுப்புடவை வாங்க எங்கள் ஊருக்கு வருபவர்களிடம், ஜரிகை என்ன ஜரிகை என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள் என்று சொல்வோம். அறைக்கும் அதே புத்திதான்.

2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். கவனியுங்கள், இது ஓர் அறைக்கு உரிய கணக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். பெரிய பேமிலி அறை ஒன்று 9,000 ரூபாய். சாதாரண அறை 4,900 ரூபாய் வீதம் இரண்டு எடுத்தால் 9,800 ரூபாய். பார்த்தவுடன் பேமிலி அறைதான் மலிவு. வரியைச் சேருங்கள்: 9,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்தால் 10,620. 9,800 ரூபாய்க்கு 5 சதவீதம் சேர்த்தால் 10,290. இரண்டு அறை எடுத்தவருக்கு 330 ரூபாய் மிச்சம், கூடவே இரண்டு பாத்ரூம்! ஐந்து பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் காலை வேளையில் இரண்டாவது பாத்ரூமின் அருமை தெரியும்.

படி 4: மேப்பில் தூரத்தைப் பாருங்கள், பிறகு நேரத்தைப் பாருங்கள்

"பூங்காவிலிருந்து 2 கிலோமீட்டர்" என்று வெப்சைட்டில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். பெங்களூரு–மைசூரு சாலை 2023-ல் எக்ஸ்பிரஸ்வேயாகத் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாலையில் எதிர்ப்பக்கம் இருக்கும் ஹோட்டல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் போய்ச் சேர எங்கோ போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கூகுள் மேப்ஸைத் திறந்து ஹோட்டலிலிருந்து பூங்காவுக்கு வழி கேளுங்கள். இடது பக்கம் 'லீவ் நவ்' என்று இருப்பதை க்ளிக் செய்தால் 'டிபார்ட் அட்' என்ற வசதி வரும். அதில் நீங்கள் போகும் கிழமை, காலை 9 மணி என்று கொடுங்கள். அந்த நேரத்து டிராபிக்கில் எவ்வளவு நிமிடம் ஆகும் என்று காட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருபது நிமிடம்தான் என்று ஏமாற வேண்டாம்.

ஊருக்குள் தங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெங்களூரு மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2023 அக்டோபரில் கெங்கேரியைத் தாண்டி சல்லகட்டா வரை நீண்டது. ரயில் நிலையத்திலிருந்தே நேராக அதுவரை போகலாம். பிடதிப் பக்கம் போவதற்கு அதற்கு மேல்தான் பஸ்ஸோ டாக்ஸியோ வேண்டும். மெட்ரோ வழித்தடத்தை ஒட்டிய ஹோட்டலாகப் பார்த்தால் டிராபிக்கின் பாதி தொல்லை குறையும்.

படி 5: கன்ட்ரோல் எஃப் என்ற மந்திரம்

தங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டுங்கள். ஒரு சிறிய பெட்டி தோன்றும். அதில் 'லிப்ட்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை டைப் செய்தால், திறந்திருக்கும் பக்கத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். அதே போல 'எக்ஸ்ட்ரா பெட்', 'பிரேக்பாஸ்ட்', 'பேமிலி' ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விட, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதில்தான் சங்கதி இருக்கும். அதையும் புதிய தேதி வரிசையில் படியுங்கள்.

படி 6: எக்செல்லில் ஐந்து வரிசை

இப்போது எக்செல்லைத் திறங்கள். மேலே ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு நெடுவரிசை. இடது பக்கம் அறை வாடகை, வரி, கூடுதல் மெத்தை, காலை உணவு, பூங்காவுக்குப் போய்வரும் செலவு என்று ஐந்து வரிசை. தொகைகளை நிரப்பி, அடியில் உள்ள கட்டத்தை க்ளிக் செய்து 'ஆட்டோசம்' பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். கூட்டல் தானாக வந்துவிடும்.

இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு. பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் 6,500 ரூபாய் வீதம் இரண்டு அறை, வரியோடு 13,650. காலை உணவு ஐந்து பேருக்கும் உள்ளடக்கம், நடந்தே போகலாம். ஊருக்குள் இருக்கும் ஹோட்டலில் 4,500 ரூபாய் வீதம் இரண்டு அறை, வரியோடு 9,450. வித்தியாசம் 4,200 ரூபாய் என்று தோன்றும். ஆனால் டாக்ஸிக்கு 2,500, ஐந்து பேர் காலை உணவுக்கு 1,250 சேர்த்தால் 13,200 ஆகிவிடுகிறது. உண்மையான வித்தியாசம் 450 ரூபாய்தான்! எல்லா இடத்திலும் பக்கத்து ஹோட்டல்தான் லாபம் என்று சொல்ல வரவில்லை. கூட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

ஹோட்டல் கட்டணத்தில் பூங்கா டிக்கெட் சேர்ந்ததா, தனியா என்பதையும் ஒரு குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். ராட்டினமே ஏறாத பெரியவர்கள் அறையில் ஓய்வெடுக்கவே விரும்பலாம்.

படி 7: தேதியும் கேன்சலும்

2019-ல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாட்களில் ஊருக்குள் அறை கிடைக்காமல் திண்ணையில் படுத்தவர்களைப் பார்த்தவன் நான். கூட்டம் வரும் நாளில் அறை வாடகை அறையைப் பொறுத்தது அல்ல, தேதியைப் பொறுத்தது. தீம் பார்க்கிலும் அப்படித்தான். கோடை விடுமுறை, தசரா, சனி, ஞாயிறு நாட்களைத் தவிர்த்து செவ்வாய், புதன் என்று மாற்றிப் போட்டு விலையைப் பாருங்கள்.

ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டினால் குழம்ப வேண்டாம். குறைந்த விலையில் கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராது. கூடுதல் விலையில் குறிப்பிட்ட நாள் வரை இலவசமாகக் கேன்சல் செய்யலாம். நான் கூடுதல் விலையைத்தான் எடுத்தேன். காரணம் அப்பாவின் தறி. தறியில் ஏறிய பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும் இடைவெளியில்தான் அவரால் வர முடியும். கோர்வைச் சேலைக்குக் கூட இருந்து நாடா கொடுக்கும் ஆள் இரண்டு நாள் வராவிட்டால் அந்தத் தேதி தள்ளிப்போகும். தள்ளித்தான் போனது. ஒரு வாரம் கழித்துத் தேதியை மாற்றினேன், ஒரு பைசா நஷ்டமில்லை. உங்கள் வீட்டில் மாதக் கூலியோ, கடையோ, வயலோ எதுவாக இருந்தாலும், தேதி உங்கள் கையில் இல்லையென்றால் குறைந்த விலைக்கு ஆசைப்படாதீர்கள்.

படி 8: எழுத்தில் வாங்குங்கள், பணத்தில் ஜாக்கிரதை

புக் செய்யும் முன் ஹோட்டலுக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். இந்த ஐந்தைக் கேட்டால் போதும்:

1. நாங்கள் ஐந்து பேர், குழந்தையின் வயது இது. எத்தனை அறை தேவை?
2. கூடுதலாகத் தருவது கட்டிலா, தரையில் போடும் மெத்தையா? கட்டணம் என்ன?
3. இரண்டு அறை என்றால் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்குமா?
4. தரைத்தள அறை அல்லது லிப்ட் உண்டா?
5. காலை உணவு எத்தனை பேருக்கு உள்ளடக்கம்?

பதில் வந்ததும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் இல்லையென்றால் கன்ட்ரோல் கீயோடு பி கீயை அழுத்தி, பிடிஎப் ஆகச் சேமிக்கும் வசதியைத் தேர்வு செய்து, போனுக்கு அனுப்பிவிடுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. தேடலில் கிடைக்கும் ஏதோ ஒரு போன் எண்ணைக் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பும் கியூஆர் கோடுக்கு அட்வான்ஸ் போடாதீர்கள். ஹோட்டல் பெயரில் போலி வெப்சைட்டும் போலி எண்ணும் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கடைசியில் என்ன ஆனது?

கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டிலேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்தேன். சில நூறு ரூபாய் அதிகம்தான். அம்மா, அக்கா, பையன் ஓர் அறை, நானும் அப்பாவும் ஓர் அறை. முதல் நாள் மதியம் வரை அப்பா எங்களோடு சுற்றினார். பேரன் தண்ணீரில் குதிப்பதைக் கரையில் நின்று பார்த்துச் சிரித்தார். பிறகு, "முட்டி வலிக்குதுப்பா, நான் ரூமுக்குப் போறேன்" என்றார். நடந்தே கூட்டிப் போய்விட்டு வந்தேன்.

சாயங்காலம் அறைக் கதவைத் திறந்தால், ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். "என்னப்பா, தூங்கலையா?" என்றேன். "தூங்கி எழுந்தாச்சு. இந்தத் தடவை என்னையும் கணக்குல சேர்த்துட்டே போல" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்தச் சோபா ஞாபகம் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன். அடுத்த முறை அந்த வெப்சைட்டைத் திறக்கும்போது, தானாக வந்து நிற்கும் இரண்டு என்ற எண்ணை முதலில் மாற்றுங்கள். கூட்டல் குறியை இன்னும் ஒருமுறை தட்ட ஒரு நொடிதான் ஆகும். நல்லபடியாகப் போய் வாருங்கள்!